விரலுக்கு மூச்சு வாங்காது, தாயி

இங்க வா, தாயி. இப்படி உக்காரு. வாசிச்சுக் களைச்சுப் போயிருப்பே. இல்லை, உனக்கு ஏது களைப்பு, களைச்சதெல்லாம் கேட்டவுகதானே.

முதல்ல பாராட்டிடுறேன். கிழவன் பாராட்டுனா பின்னால என்ன வரும்னு உனக்குத் தெரியும், இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. உன் விரல் வேகத்துக்கு இந்தத் தெருவுல ஆள் கிடையாது. தப்புச் சுரம் ஒண்ணுகூட விழலை. உங்க மிஸ்ஸு நோட்டுல 'எக்ஸலண்ட்'னு எழுதிட்டாக. உங்கப்பன் அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரக குரூப்புக்கெல்லாம் அனுப்பிட்டான். எல்லாம் சரிதான். ஆனா அந்த மினுவெட்டை எடுத்த இடத்துல இருந்து முடிச்ச இடம் வரைக்கும் ஒரு தடவைகூட மூச்சு விடலையே, அது எப்படி? கேட்டுக்கிட்டிருந்த நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். உங்க பாட்டி பயந்துபோய்ச் செம்புல தண்ணி கொண்டாந்தா.

நம்ம வீட்டு வெள்ளை நாயைப் பாரு. ராஜபாளையம் இனத்துல பிறவியிலேயே காது கேக்காத குட்டிக உண்டு. இதுக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்லை. நீ பியானோ மூடியைத் திறந்ததும் எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிருது.

முறைக்காதே. விஷயத்துக்கு வாரேன்.

நீ வாசிச்ச ஜி மேஜர் மினுவெட் பாக் எழுதினதுன்னு உன் புத்தகத்துல போட்டிருக்கு. எழுதினது பாக் இல்லை. கிறிஸ்டியான் பெட்சோல்டுன்னு டிரெஸ்டன் பட்டணத்துல ஆர்கன் வாசிச்ச ஒருத்தரு. பாக் வீட்டம்மா அன்னா மக்டலேனாவோட 1725-ம் வருஷத்து நோட்டுல இது பேர் போடாம இருந்துச்சு. அதனால அவரு கணக்குல ஏறிப்போச்சு. ஆளு தெரியாத பாட்டையெல்லாம் ஔவையார் தலையில கட்டுற நமக்கு இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? இதெல்லாம் தாத்தாவுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. ராத்திரித் தூக்கம் வராத கிழவன் கையில உன் டேப்லெட்டு கிடைச்சா வேற என்ன செய்வான்?

அந்த மினுவெட்டுல மொத்தம் முப்பத்திரண்டு பார். பதினாறு, பதினாறா ரெண்டு பாதி. பாருக்கு மூணு எண்ணிக்கை. நீ ஒவ்வொரு பார்லயும் அந்த 'ஒண்ணு' வந்ததும் ஒரு குத்து விடுறே. குத்து முடிஞ்சதும் அடுத்த குத்துக்கு ஓடுறே. நடுவுல ராகம்னு ஒண்ணு வந்துச்சா, போச்சா, யாருக்குத் தெரியும்?

பார் கோட்டைப் பார்த்து ஏமாந்துட்டே, தாயி. எங்க தமிழ் வாத்தியாரு வெண்பாவை அலகிடச் சொல்லுவாரு. தளை கெடாம இருக்கச் சில இடத்துல சொல்லை நடுவுலயே வெட்டி அடுத்த சீரோட சேர்ப்போம். வகையுளின்னு அதுக்குப் பேரு. வெட்டுறது கணக்குக்குத்தான். அதே வெண்பாவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும்போது வெட்டுன இடத்துல நின்னோம்னு வையி, புறங்கையில பிரம்பு விழும். பார் கோடும் அப்பேர்ப்பட்ட கணக்குக் கோடுதான். எண்ணத் தெரியணும்னு போட்டது. நிக்கச் சொல்லிப் போட்டதில்லை.

அப்ப எங்க நிக்கிறது? உன் மினுவெட்டையே எடுத்துக்க. எட்டாவது பார்ல ராகம் ஒரு நீளச் சுரத்துல உக்காருது. எந்தச் சுரம்? ஏ. ஜி-யைச் சட்ஜமா வச்சா அது ரிஷபம். ரிஷபத்துல போய் நின்னா மனசு அடங்குமா? அடங்காது. 'ம், அப்புறம்?'னு கேக்கும். மறுபடி முதல்ல இருந்து எடுத்துப் பதினாறாவது பார்லதான் ஜி-யில வந்து இறங்குது. வீடு வந்தாச்சு. ஆக முதல் எட்டு பார் கேள்வி, அடுத்த எட்டு பதில். நீ வாசிச்சதுல கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. ரேஷன் கடை வரிசையில பேர் வாசிச்சதுதான் இருந்துச்சு.

இதுக்கு மூல காரணம் சொல்லட்டுமா? விரலுக்கு மூச்சு வாங்காது. பாடுறவுகளுக்கு நெஞ்சு அடைக்கும், நிறுத்தித்தான் ஆகணும். நாயனக்காரருக்கும் அதே கதி. ஆர்மோனியத்துலகூட ஒரு கை துருத்தியை அமுக்கிக்கிட்டே இருக்கணும். அதுக்கும் ஒரு மூச்சு உண்டு. பியானோவுல அந்தத் தொல்லையே கிடையாது. பத்து விரலும் விடிய விடிய ஓடலாம், யாரும் செத்துப்போக மாட்டாக. அதனாலதான் எங்க மூச்சு விடணும்னு யோசிக்கிற வேலை மத்தவுகளைவிட உனக்கு ஜாஸ்தி.

ஷோபான்னு ஒருத்தரு, போலந்துல 1810-ல பிறந்தவரு, பியானோவுக்குன்னே பிறந்த ஆளு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கும்போது 'போய்ப் பாடுறவுகளைக் கேளு, நீயும் பாடு'ன்னுதான் விரட்டுவாராம். பாடுற ஆளு எங்க மூச்சு எடுப்பாகளோ, அங்க மணிக்கட்டை மெதுவாத் தூக்கி, அடுத்த சுரத்துல மெத்துன்னு இறக்கணும்னு அவருகிட்டப் படிச்ச பிள்ளை ஒண்ணு எழுதி வச்சிருக்கு. உன் மணிக்கட்டு எங்க இருந்துச்சு? சிமெண்டு வச்சுப் பூசினாப்புல ஒரே மட்டத்துல இருந்துச்சு. சிமெண்டுக்கும் நம்ம ராஜபாளையத்துக்கும் சம்பந்தம் உண்டுதான், அதுக்காக அதைக் கையில பூசிக்கணுமா?

ஷோபான் இன்னொண்ணும் சொல்லியிருக்காரு. மிக்குலின்னு ஒரு சீடர் குறிச்சு வச்சது. ராகத்தைச் சரியாப் பிரிக்காம வாசிக்கிறது, தெரியாத பாஷையில ஒரு பேச்சை மனப்பாடம் பண்ணி, சொல்லுக்கு நடுவுல எல்லாம் நிறுத்தி ஒப்பிக்கிறதுக்குச் சமம்னு அவருக்குத் தோணுமாம். இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு தாங்கலை. நம்ம பக்கத்துல பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மார்கழியில திருப்பாவைப் போட்டி வைப்பாகல்ல? ரெண்டாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு கண்ணை மூடிக்கிட்டு ஓட்டமா ஓடி, மூச்சு முட்டின இடத்துல, அது சொல்லுக்கு நடுவுலயோ எங்கயோ, 'ஹ்ஹா'ன்னு ஒரு மூச்சு இழுத்துட்டு மறுபடி ஓடுமே? அந்தப் பிள்ளைக்கும் பரிசு குடுத்துத்தான் அனுப்புறாக. அதுவாவது முட்டின இடத்துல மூச்சு விடுது.

ஸ்ரீவில்லிபுத்தூர் எவ்வளவு தூரம்? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பால்கோவா வாங்க மட்டும் பஸ் ஏறுறியே, மார்கழியில ஒரு நாள் விடியக்கருக்கல்ல ஆண்டாள் கோயிலுக்கு வா. கோஷ்டி சேவிக்கிறதைக் கேளு. முதல் அடியை ஒருத்தரு எடுத்துக் குடுப்பாரு, மத்தவுக சேர்ந்துக்கிடுவாக. வயசாளிக, சின்னப் பையன்க, தொண்டை கட்டினவுக, எல்லாரும் உண்டு. பாட்டுக்கு எட்டு அடி. ஒருத்தரும் கை காட்டலை, ஒருத்தரும் தாளம் போடலை, ஆனா அத்தனை பேரும் ஒரே இடத்துல மூச்சு எடுக்கிறாக. பாட்டுக்குப் பாட்டு கடைசியில வர்ற அந்த முடிப்புல வந்து எல்லாக் குரலும் இறங்கி உக்காருது. இதுக்கு யாரும் நோட்டேஷன் எழுதிக் குடுக்கலை. பொருள் எங்க முடியுதோ அங்க மூச்சு, அவ்வளவுதான்.

வெளியில மைக் செட்டுல எம்.எல்.வசந்தகுமாரி அம்மா பாடினது ஓடும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முப்பது பாட்டுக்கும் ராகம் போட்டாரு. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு வரிசையா ஆரம்பிக்கும். அந்தம்மா சொல்லை வெட்டி மூச்சு வாங்கி நான் கேட்டதில்லை. மூச்சு எடுக்கிறதே தெரியாது. எடுக்காமலா இருந்திருப்பாக?

இன்னும் சூட்சுமம் தெரியணும்னா அரையர் சேவை பாரு. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்னு விரல்விட்டு எண்ணுற கோயில்கள்லதான் அது இன்னும் நடக்குது. கூம்புக் குல்லாய் வச்சுக்கிட்டு, கையில தாளத்தோட நின்னு, ஒரே பாசுரத்தை முதல்ல பாடுவாரு. அப்புறம் அதையே அபிநயம் பிடிப்பாரு. அப்புறம் வியாக்கியானம் சொல்லுவாரு. ஒரே வரிக்கு மூணு வேலை. அந்த ஆளு தப்பான இடத்துல நிறுத்துவாருன்னு நினைக்கிறே? உன் மினுவெட்டுக்கும் அந்த மூணையும் செஞ்சு பாரு. வாயால பாடு. கையைக் காத்துல ஆட்டிக் காட்டு. பிறகு, 'இந்த வரி என்ன கேக்குது'ன்னு எனக்கு வியாக்கியானம் சொல்லு. நடுவுல உங்க பாட்டி சிரிச்சா கண்டுக்காதே, அவ எதுக்கும் சிரிப்பா.

இப்ப யந்திரத்துக்கு வாரேன். இந்தக் கட்டையை அமுக்கினா உள்ள என்ன நடக்குது? ஒரு சுத்தியல் கம்பியை அடிக்குது. இத்தாலியில, பிளாரன்ஸ் பட்டணத்துல, கிறிஸ்டோஃபோரிங்கிறவரு 1700 வாக்குல செஞ்ச வித்தை. சுத்தியல் கம்பியைத் தொடுறதுக்கு ஒரு மயிரிழை முன்னாலயே உன் விரல் பிடியில இருந்து விடுபட்டுப் போயிருது. அதுக்கப்புறம் கட்டையை நீ எவ்வளவு அழுத்திப் பிசைஞ்சாலும் சுரத்துக்கு ஒண்ணும் ஆகாது. அடிச்ச கணத்துல இருந்து அது தேஞ்சுக்கிட்டே போகும். உங்க மிஸ்ஸு வீட்டுல இருக்கிற டிஜிட்டல் பியானோவும் இதைத்தான் கம்பி இல்லாம நடிச்சுக் காட்டுது. ஆக உன் அதிகாரம் ரெண்டே ரெண்டு இடத்துல. எவ்வளவு வேகமா அமுக்குறே, எப்ப விடுறே. விட்டதும் உள்ள ஒரு கம்பளித் துண்டு இறங்கிக் கம்பியை அமத்திரும். இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் உலகத்துப் பியானோக்காரக அத்தனை பேரும் பிழைக்கிறாக. நீ முதல்ல சொன்னதுல கெட்டிக்காரி. ரெண்டாவது ஒண்ணு இருக்கிறதே உனக்குத் தெரியாது.

லெகாட்டோ, அதாவது சுரத்தோட சுரம் ஒட்டி வர்றது, பியானோவுல நிஜத்துல கிடையாது. ஒவ்வொரு சுரமும் தனித்தனி அடி. ஒட்டினதாக் காதை நம்ப வைக்கணும். அதுக்கு என் தொழில்ல இருந்து ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. 1936-ல ராஜபாளையம் மில்ஸ் வந்ததுல இருந்து இந்த ஊரே நூலை நம்பிப் பிழைச்ச ஊரு. நான் ஒரு மில்லுல ரிங் பிரேம்ல சைடரு. இழை அறுந்தா ஒட்டுறதுதான் சைடர் வேலை. முன் ரோலர்ல இருந்து பஞ்சு வந்துக்கிட்டே இருக்கும். மிஷின் உனக்காக நிக்காது. பாபின்ல இருக்கிற நுனியைத் தேடி எடுத்து, வர்ற பஞ்சுல சேத்துவிடணும். ஜாஸ்தியா ஏத்தி ஒட்டினா முண்டு விழும், துணியில தெரியும். கம்மியா ஒட்டினா அடுத்த நிமிஷமே அறும். பழைய நுனி எந்தத் தடிமன்ல இருக்கோ, அதே தடிமன்ல புது இழை சேரணும். சுரமும் அப்படித்தான். முதல் சுரம் தேஞ்சு எந்த அளவுக்கு மெலிஞ்சிருக்கோ, அதைக் காதுல வாங்கி, அந்த அளவுல அடுத்த சுரத்தை எடுத்தா ஒட்டிக்கிடும். நீ ஒவ்வொண்ணையும் முழு பலத்தோட புதுசாக் குத்துறே. துணி பூரா முண்டு.

ஏறுற வரியில மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் கனத்தைக் கூட்டலாம். வரியோட உச்சி எதுன்னு முதல்லயே முடிவு பண்ணிக்க. உச்சி ஒண்ணுதான் இருக்கும். எல்லாமே உச்சின்னா அது ஊர்க்கூட்டம், பாட்டு இல்லை.

'எல்லாத்தையும் ஒட்டிரலாமா தாத்தா?'ன்னு கேப்பே. அங்கதான் நாயனக்காரரைப் பாக்கணும். சீவாளியில நாக்கைத் தட்டித் தட்டிச் சுரத்தைப் பிரிச்சா துத்துக்காரம். நாக்கை வைக்காம மூச்சை ஒரே ஓட்டமா விட்டா அகாரம். மூச்சையும் அறுக்காம, நாக்கையும் தொடாம, விரலாலயே தட்டிப் பிரிக்கிறது விரலடி. காருகுறிச்சி அருணாசலம், கோவில்பட்டியில குடியிருந்தவரு, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சீடரு, 1964-ல நாப்பது வயசு கடந்த கொஞ்ச வருஷத்துல போயிட்டாரு. எங்க வயசு ஆளுகளுக்கு அந்தத் துக்கம் இன்னும் தீரலை. 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துல ஆபேரி ராகத்துல எஸ்.ஜானகி அம்மா பாட, இவரு நாயனம் பதில் சொல்லும். ஜானகி எந்த எழுத்தை வழுக்கிவிட்டாகளோ அங்க அகாரம், எதை நறுக்குன்னு உச்சரிச்சாகளோ அங்க துத்துக்காரம். நாயனத்துக்கு எழுத்து உச்சரிப்பு உண்டுங்கிறது அந்தப் பாட்டைக் கேட்டா விளங்கும். ஒரே சுரங்கதான், பேச்சு மட்டும் வேற.

உனக்கு நாக்கும் இல்லை, மூச்சும் இல்லை, விரலடி ஒண்ணுதான் இருக்கு. பரவாயில்லை. புள்ளி வச்சிருந்தா ஸ்டக்காட்டோன்னு வெடுக்குன்னு பிடுங்குறியே, எல்லாப் புள்ளியும் ஒரே புள்ளியா? மெதுவான பாட்டுல வர்ற புள்ளிக்குக் கொஞ்சம் நீளம் குடு. துள்ளுற பாட்டுல வர்றதுக்குக் குறை. வளைவு போட்டு ரெண்டு சுரம் இருந்தா, மொசார்ட்டு பாட்டுல அது நிறைய வரும், முதல் சுரத்துல கையை இறக்கி, ரெண்டாவதுல மெலிசாத் தூக்கிரு. அழுத்தம் முதல்லதுக்கு. நீ ரெண்டாவதைப் போட்டு அமுக்குறே. அது 'அம்மா'வை 'அம்மாஆ'ன்னு கத்துறதுல போய் முடியுது.

பெரிய ஆளுகளுக்குள்ளயே இதுல சண்டை உண்டு. அந்தக் காலத்துல, பதினெட்டாம் நூற்றாண்டுல, வளைவு போடாத சுரத்தைக் கொஞ்சம் பிரிச்சு வாசிக்கிறதுதான் வழக்கம். பீத்தோவன் காலத்துல ஒட்டி வாசிக்கிறது ஓங்கிருச்சு. மொசார்ட்டு வாசிப்பு நயமானதுதான், ஆனா துண்டு துண்டா இருந்துச்சுன்னு பீத்தோவன் தன் மாணவன் செர்னிகிட்டச் சொன்னாராம். மொசார்ட்டுக்கே இந்தக் கதின்னா உன்னை நான் சொல்றதுக்குக் கோவிச்சுக்கலாமா? இந்தச் செர்னிதான் பிற்பாடு விரல் பயிற்சிப் புத்தகம் புத்தகமா எழுதி உன்னைப் பழிவாங்குனவரு.

பாக் மட்டும் என்ன, 1723-ல தன் 'இன்வென்ஷன்' பாடங்களுக்கு எழுதின முகப்புல, பாடுற மாதிரி வாசிக்கப் பழகணும்னுதான் முக்கியமாச் சொல்றாரு. சீக்கிரம் வாசிக்கப் பழகணும்னு சொல்லலை.

அடுத்து, பெடல். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சே. சுரத்துக்குச் சுரம் ஓட்டை விழுந்ததும் வலது காலை அமுக்கி எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து விட்டுட்டே. பெடல் உள்ள இருக்கிற கம்பளித் துண்டையெல்லாம் மொத்தமாத் தூக்கிரும். அப்ப எல்லாக் கம்பியும் சேர்ந்து முழங்கும். முழங்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஷோபானுக்கு அது இல்லாம முடியாது. ஆனா விரல் செய்ய வேண்டிய ஒட்டு வேலையைக் கால் தலையில கட்டுறது நாம மில்லுல பார்க்காத சோம்பேறித்தனமா? ஒட்டு எப்படி விழுதுன்னு பெடல் இல்லாமக் கேளு. காது கூசும். கூசட்டும்.

'ஃபர் எலிஸ்' எடுக்கப் போறியாமே. பீத்தோவன் 1810-ல எழுதி வச்சுட்டு, அவரு கண்ணை மூடி நாப்பது வருஷம் கழிச்சு 1867-ல அச்சுக்கு வந்தது. அவரு உயிரோட இருந்து ஊர்ப் பிள்ளைக வாசிக்கிறதைக் கேட்டிருந்தா அச்சுக்கே விட்டிருக்க மாட்டாரு. அதுல ஆரம்பத்துல வர்ற ரெண்டு சின்னச் சுரமும் தாளத்துக்கு முன்னால வர்றது. நம்ம கணக்குல அதீத எடுப்பு. சமம் அடுத்துத்தான் வருது. பாடகரு அதீதத்துல எடுக்கும்போது முதல் எழுத்தைக் கத்துவாரா? மெதுவா எடுத்துச் சமத்துல போய்ச் சேருவாரு. நீ அந்த முதல் சுரத்துலயே கதவைத் தட்டுறே. வீட்டுல ஆள் இருக்கோம், தாயி.

அந்தப் பாட்டு போற போக்கையும் பாரு. அந்த ரெண்டு சுரமும் மாறி மாறி ஆடும், எங்க போறதுன்னு தெரியாம. அந்த ஆட்டத்துல நிக்கக் கூடாது. ஆட்டம் முடிஞ்சு இறங்குற இடம் வரைக்கும் ஒரே மூச்சு. பாடிப் பாத்தா உனக்கே தெரியும், நடுவுல மூச்சு எடுக்க மனசு வராது.

நம்ம சங்கீதத்துக்கும் பியானோவுக்கும் ஆகுமான்னு உங்கப்பன் கேட்டான். சிக்கில் குருசரண் பாட, அனில் சீனிவாசன் பியானோ வாசிக்கிறதைப் போட்டுக் காட்டு. கமகம் பியானோவுல வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது. அதுக்காக அவரு கஷ்டப்பட்டு அசைச்சுக் காட்ட மெனக்கெடுறதில்லை. பாடகர் மூச்சு எடுக்கிற இடத்துல எவ்வளவு வாசிக்கிறாரு, எவ்வளவு விட்டுக் குடுக்கிறாருன்னு கவனி. எனக்கு அதுல பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. பிடிக்காத பாதியிலயும் மூச்சு மட்டும் சரியா இருக்கும்.

கடைசியா ஒண்ணு. இதைக் கேட்டுட்டு நாளைக்கே நீ வரிக்கு வரி நின்னு, தாளத்தையும் நிறுத்தி, 'மூச்சு விடுறேன் தாத்தா'ன்னு சொல்லுவே. உன்னைத் தெரியாதா எனக்கு? நாயனக்காரரு மூச்சு எடுக்கத் தவில்காரரு கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரா? முடியுற சுரத்தோட வாலைக் கொஞ்சம் நறுக்கி, அந்தச் சந்துலதான் மூச்சு எடுத்துக்கணும். அடுத்த வரி அதனோட நேரத்துக்கு வந்துரணும். மினுவெட்டுல அந்த எட்டாவது பார் இருக்கே, அந்த நீள ரிஷபம் முழுசா மூணு எண்ணிக்கை. மூணாவது எண்ணிக்கை முடியுறதுக்குள்ள மணிக்கட்டைத் தூக்கிரு. ஒன்பதாவது பாரோட 'ஒண்ணு' ஒரு கண் இமைகூடப் பிந்தக் கூடாது. பிந்துனா நான் தொடையைத் தட்டுவேன். உன் போன்ல டிக்டிக்குன்னு அடிக்கிற மெட்ரோனோமைவிட நான் சத்தமாத் தட்டுவேன், அது உனக்குத் தெரியும்.

போ. முதல் எட்டு பார் மட்டும் வாசி. வாசிக்கிறதுக்கு முன்னால பாடு. வெட்கமா இருந்தா கதவைச் சாத்திக்க. நாய் ஏற்கெனவே வெளியிலதான் இருக்கு. பெடல்ல கால் வச்சேன்னு தெரிஞ்சுது, இந்த மாசம் பால்கோவா உனக்கு இல்லை, எனக்கு.